ஈரத்துண்டு போட்டு நடக்க வைத்த முனிகிருஷ்ணனாருக்கு

தபால் கார்டுக்கே தலைசுற்றல் தந்த தகைமையாளரே! தண்டு எனும் கன்டோன்மென்ட் பகுதிச் சந்து பொந்துகளையெல்லாம் சைக்கிள் சக்கரத்தில் சுருட்டி வைத்திருக்கும் சளையாச் செம்மலே! மூன்று முகவரி மாறி, முப்பது மைல் தாண்டி, மூலையில் முடங்கியவரையும் மோப்பம் பிடித்து முன்னே கொண்டுவந்து நிறுத்திய மூதறிவாளரே! நரம்பியல் துறைத் தொடர்கண்காணிப்புப் பிரிவின் நாயகரே, நடப்பவர் பின்னால் நடந்து நடந்தே நாற்பது ஜோடிச் செருப்பைத் தேய்த்த நல்லவரே, எங்கள் முனிகிருஷ்ணனாரே! வருக, அமர்க, கழுத்து அரித்தாலும் மாலையைக் கழற்றாமல் கேட்க!

மரபுப்படி இனி வரிக்கு வரி "தாங்கள், தங்கள்" என்று உருக வேண்டும். உருகினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேராக யாராவது புகழ ஆரம்பித்தால் முனிகிருஷ்ணன் "டீ வந்துடுச்சான்னு பார்த்துட்டு வரேன்" என்று எழுந்து போய்விடுவார். அப்படிப் போனவரைத் தேடிப் பிடிக்க இந்த ஊரிலேயே திறமை உள்ள ஒரே ஆள் முனிகிருஷ்ணன்தான் என்பதால் அவரைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே இந்த மடலில் அவர் வெறும் 'அவர்'. யாருடைய கதையோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும்.

இன்னொன்று. ஓய்வு பெறுகிறவருடைய வெற்றிகளை வரிசைப்படுத்திச் சட்டம் போட்டு மாட்டுவது ஊர் வழக்கம். அவரிடமே கேட்டோம், எதைப் பற்றி எழுதட்டும் என்று. "நான் கெடுத்ததை எழுதுங்க, மத்ததுக்கெல்லாம் ஃபைல் இருக்கு" என்றார். எழுதியிருக்கிறோம். பொன்னாடை போர்த்தும் நேரத்தில் இப்படியா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் லிஃப்ட் ஓட்டுபவராக அவர் இந்த மருத்துவமனைக்குள் வந்தார். ஏறுகிறவர்கள் இரண்டாம் மாடியில் இறங்குவதற்குள் தங்கள் ஊர், வியாதி, மருமகள் குணம் மூன்றையும் ஒப்புவித்துவிடுவார்கள். தமிழில் ஏறியவர்களிடம் தமிழ், கன்னடத்தில் ஏறியவர்களிடம் கன்னடம், உருதுவில் ஏறியவர்களிடம் உருது. அந்த லிஃப்டுக்கு இருந்தது மூன்றே மாடி. நூறு மாடி இருந்திருந்தால் பெங்களூரின் முழு ஜாதகமும் அவர் சட்டைப் பையில் இருந்திருக்கும். இந்த வித்தையை மோப்பம் பிடித்தவர் டாக்டர் அனந்தபத்மநாபன். தொண்ணூற்றாறில் ஒரு நாள் லிஃப்டிலேயே வைத்துச் சொன்னார்: "முனி, மேலே கீழே போனது போதும். எனக்கு நீ பக்கவாட்டில போகணும்."

அந்த வேலை இது. மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்துபோகிற ஒரு நோய் உண்டு. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்று பெயர், டாக்டர்களுக்கு எம்.எஸ். அதிலே வந்து வந்து போகிற ஒரு வகை. ஒரு காலையில் ஒரு கண் மங்கும், ஆறு வாரத்தில் தெளியும். எட்டு மாதம் கழித்து ஒரு கால் மரத்துப்போகும், அதுவும் முக்கால்வாசி திரும்பும். திரும்பாமல் நின்றுபோகிற கால்வாசிதான் வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும். வருகிறவர்களும் கிழவர்கள் இல்லை, இருபதும் முப்பதுமான வயசுப் பெண்கள்தான் அதிகம். இதற்கென்று வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஒரு ஊசியைக் கொண்டுவந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் தானே குத்திக்கொள்ள வேண்டும். அதைப் பரீட்சித்துப் பார்க்க நம் மருத்துவமனையில் முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள்.

முதல் இரண்டு வருஷம் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் மருந்து உள்ளே போனால் குளிர்காய்ச்சல் வரும் என்பது ஊருக்கே தெரியும். "அண்ணே! எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சு!" என்று லாட்டரி விழுந்த மாதிரி ஓடிவருவார்கள். "ஸ்ஸ்! டாக்டர் காதுல விழப்போவுது. காய்ச்சலை மூடி வைம்மா" என்று அவர் விரட்டுவார். காய்ச்சல் வராதவர்கள் அழுதுகொண்டே போவார்கள். மருத்துவ உலகத்தில் உடம்பு நன்றாக இருந்ததற்காக அழுத நோயாளிகளை அவர் ஒருவர்தான் தேற்றியிருப்பார்.

இரண்டு வருஷ முடிவில் தண்ணீர்க்காரர்களைவிட மருந்துக்காரர்களுக்கு நோய் திரும்பத் தாக்கியது குறைவு என்று தெரிந்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் மருந்து. கூடவே, வருஷம் தவறாமல் ஏப்ரலில் வந்து நடந்து காட்ட வேண்டும். நீண்ட நாள் போட்டால் இந்த ஊசி ஆளைக் காப்பாற்றுமா என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டாமா? அதற்காக. இங்கே ஒரு விதியைச் சொல்லிவிடுகிறோம், மடல் முடியும் வரை அதை மறக்காதீர்கள். நூறு மீட்டர்கூட நடக்கவில்லை என்று மூன்று மாத இடைவெளியில் இரண்டு தடவை பதிவானால் அவருக்கு ஊசி நின்றுவிடும். கம்பெனி சும்மா கொடுத்த ஊசி அது. வெளியில் வாங்கிப் போட அந்த முப்பத்தெட்டு வீட்டில் ஒரு வீட்டுக்கும் வக்கு இல்லை.

நோயாளிகளைத் தவறவிட்டால் ஆராய்ச்சி செத்தது. இதை அனந்தபத்மநாபன் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அவரோ அதைக் குலதெய்வத்தின் கட்டளை மாதிரி எடுத்துக்கொண்டார். எழுதிய தபால் கார்டுகளை அடுக்கினால் சட்டசபைக் கட்டடமான விதானசௌதாவுக்குப் பக்கத்தில் இன்னொன்று எழும்பும். அத்திபெலேயில் ஒரு நோயாளி வீட்டைக் காலி செய்துவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார். சோதனைச்சாவடியில் லாரிகளுக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டுகிறவரிடம் பிடித்து, அவர் காட்டிய டிரைவரிடம் பிடித்து, டிரைவர் மச்சானிடம் பிடித்து, ஓசூர் தாண்டி ஒரு கோழிப் பண்ணையில் ஆளைக் கண்டுபிடித்தார். அந்த நோயாளி வாயைப் பிளந்து, "கடன் குடுத்தவனாலயே கண்டுபிடிக்க முடியல, நீங்க எப்படிங்க?" என்றாராம்.

நடை எப்படி என்றால், பின்கட்டு வராந்தா சரியாக ஐம்பது மீட்டர். இரண்டு முனையிலும் சிவப்புப் பெயிண்டில் கோடு. பத்து நடை நடந்தால் ஐந்நூறு மீட்டர். தடி கூடாது, ஆள் பிடிக்கக் கூடாது, நடுவில் உட்காரக் கூடாது. அவர் ஒரு கையில் ஸ்டாப்வாட்சோடு பின்னாலேயே போவார், இன்னொரு கை கோழி பிடிக்கப் போகிறவர் கை மாதிரி அகல விரிந்திருக்கும். இருபது வயசுப் பெண் தொடை நடுங்க நடுங்க ஒன்பதாம் நடையில் திரும்பும்போது, வேர்த்துக் கொட்டுவது அவருக்குத்தான்.

தொண்ணூற்றேழு ஏப்ரல். முதல் வருஷ நடை. பதினொரு மணி வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்த ஒரு பெண் வாசற்படியிலேயே கால் மடங்கி உட்கார்ந்தாள். இந்த நோய்க்கும் சூட்டுக்கும் ஆகாது. உடம்பு கொஞ்சம் சூடேறினால் கால் துவளும், கண் இருட்டும், குளிர்ந்தால் பழையபடி ஆகும். டாக்டர்களுக்கு அது புத்தகத்தில் தெரியும், அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பதறிப்போய் மின்விசிறிக்கு அடியில் பெஞ்சில் படுக்கவைத்தார். துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்தைச் சுற்றிப் போட்டார். கேன்டீனிலிருந்து உப்புப் போட்ட மோர். முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண் எழுந்து ஐந்நூறு மீட்டரையும் நடந்தாள். அவருக்குக் கடவுளைப் பார்த்த மாதிரி இருந்தது.

அன்று முதல் அதுவே வழக்கம் ஆயிற்று. முதல் நாளே வீடு தேடிப் போய், "நாளைக்கு அடுப்பு பக்கம் போகாதம்மா, நல்லாத் தூங்கு" என்று சொல்லி வருவார். வெயில் ஏறுமுன் ஏழரை மணிக்கே ஆட்டோ அனுப்புவார். பெஞ்சு, விசிறி, ஈரத்துண்டு, மோர், முக்கால் மணி. அப்புறம்தான் கோடு. யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. படிவம் சிவப்புக் கோட்டில்தான் தொடங்கும், கோட்டுக்கு முன்னால் நடந்ததற்கு அதில் இடமே இல்லை. வெளிநாட்டிலிருந்து ஆய்வாளர்கள் வந்து ஒவ்வொரு காகிதமாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். ஒரு கையெழுத்து, ஒரு தேதி பிசகவில்லை. ஒருவர் அவரோடு கைகுலுக்கி, இவ்வளவு சுத்தமான பதிவை எங்குமே பார்த்ததில்லை என்றார். பெஞ்சில் காய்ந்துகொண்டிருந்த துண்டுகளையும் அந்த ஆய்வாளர் பார்த்தார். சலவைத் துணி என்று நினைத்திருப்பார்.

பத்தாம் வருஷம், இரண்டாயிரத்து ஆறு, வராந்தாச் சுவரில் பெரிதாக ஒரு வரைபடம் ஏறியது. பத்தாம் ஆண்டிலும் முப்பத்தெட்டுப் பேரில் இருபத்தொன்பது பேர் உதவியின்றி நடக்கிறார்கள்! பல மாநாட்டில் காட்டிக் கைதட்டல் வாங்கிய படம். அதன் அடியில் நின்று அவர் தன் மகள் கல்யாண ஆல்பத்தைக் காட்டுகிறவர் மாதிரி எல்லோருக்கும் காட்டினார். அந்த இருபத்தொன்பதில் அவருக்கு மிகப் பெருமை தந்த நடை ஃபாத்திமாவுடையது.

ஃபாத்திமா சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் ரவிக்கை தைக்கிறவர். சேர்ந்தபோது இருபத்து நாலு வயசு. வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது என்பதால் தெருமுனை பேக்கரி ஃபிரிட்ஜில், கிரீம் பன்னுக்கும் பால் பாக்கெட்டுக்கும் நடுவில் அவருடைய ஊசிப் பெட்டி இருக்கும். "ஃபாத்திமா பன் எடுத்துட்டு போகுது" என்று பேக்கரிக்காரர் கிண்டல் செய்வார். பத்து வருஷமும் ஐந்நூறு மீட்டர். இந்த மடலில் பெயரைப் போடலாமா என்று போன வாரம் ஆள் அனுப்பிக் கேட்டோம். "போடுங்க, முழுப் பேரா போடுங்க" என்று பதில் வந்தது.

அந்த வருஷ நடை முடிந்து போன பிறகுதான் அவர் கவனித்தார், ஒரு காகிதத்தில் ஃபாத்திமாவின் கையெழுத்து விடுபட்டிருந்தது. முப்பத்தேழு வருஷ உத்தியோகத்தில் அவர் செய்த ஒரே பதிவுப் பிழை அது. மூன்றாம் நாள் மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல், கையெழுத்து வாங்கப் போனார்.

கதவு திறந்திருந்தது. ஃபாத்திமா தரையில் இருந்தார். அடுப்படியிலிருந்து குழாயடிக்கு, உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் ஊன்றி ஊன்றி நகர்ந்து போய்க்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னம்மா, விழுந்துட்டியா?"

"இல்லண்ணே. நடந்துட்டேன்ல, அதான்."

உள்ளேயிருந்து ஃபாத்திமாவின் தாயார் வந்தார். "நீங்க கூப்பிட்டா, அதுக்கு மூணு நாள் முந்தியே இவளைப் படுக்கப் போட்டுடுவோம், தம்பி. மிஷின்ல உக்கார விடமாட்டோம். உங்க நடை முடிஞ்சு வந்தா பத்து நாளைக்கு இப்படித்தான். வருஷத்துல ஒரு நாள் நடக்கிறா. மத்த நாளு சுவரைப் பிடிச்சிட்டு."

அப்போதுதான் அவர் சுவரைப் பார்த்தார். நீலச் சுண்ணாம்பு அடித்த சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு கறுத்த கோடு. கட்டிலிலிருந்து கிளம்பி, கதவு நிலையைத் தாண்டி, அடுப்படி வழியாகக் குளியலறை வரைக்கும். எண்ணெயும் வியர்வையும் ஏறி, பிடித்துப் பிடித்து வழவழப்பான கோடு.

"ஏம்மா சொல்லல?" என்றார்.

"சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்களே அண்ணே." அப்புறம் ஃபாத்திமா சிரித்தார். "அதுவுமில்லாம, கடைசி நடை முடிக்கறப்போ உங்க மூஞ்சைப் பார்க்கணுமே. பத்தாங்கிளாஸ் பாசான மாதிரி இருக்கும். அதை எப்படிக் கெடுக்கறது?"

கையெழுத்தை வாங்கினாரா இல்லையா என்று அவருக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை. ஃபைலில் இருக்கிறது.

அடுத்த இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போனார். சொல்லாமல் போனார். காலைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். வரைபடத்தில் உதவியின்றி நடந்துகொண்டிருந்த இருபத்தொன்பது பேரில் பதினேழு பேர் வீட்டுச் சுவரில் அந்தக் கோடு இருந்தது. ஒரு வீட்டில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதன் மேலும் மங்கலாக வர ஆரம்பித்திருந்தது. நோட்டில் எழுதினார்: கட்டில் முதல் கழிப்பறை வரை. கட்டில் முதல் வாசல் வரை. கட்டில் முதல் ஜன்னல் வரை, அதற்கு மேல் இல்லை.

நோட்டைக் கொண்டுபோய் அனந்தபத்மநாபன் மேஜையில் வைத்து, துண்டையும் மோரையும் பற்றிச் சொன்னார். டாக்டர் நோட்டை இரண்டு தடவை படித்தார். இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

"முதல் ரெண்டு வருஷம் செல்லும், முனி," என்றார். "மருந்துக்காரங்களுக்கும் தண்ணிக்காரங்களுக்கும் நீ ஒரே துண்டுதான் போட்டே. அதுல பாரபட்சம் இல்ல. ஆனா அப்புறம் எல்லாருமே மருந்துதான். ஒத்துப் பார்க்க ஆளே இல்ல. இந்தப் பத்து வருஷ நடையில மருந்து எத்தனை, துண்டு எத்தனைன்னு இனிமே யாராலும் பிரிக்க முடியாது."

"நான் கெட்டது நினைச்சுச் செய்யல சார்."

"நல்லது நினைச்சுச் செஞ்சதாலதான் இத்தனை வருஷம் யார் கண்ணுலயும் படல." கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த வருஷம் துண்டில்லாம எடுக்கலாம். எடுத்தா நிஜம் தெரியும். சில பேருக்கு ஊசியும் போயிடும். அந்த வராந்தா உன்னுடையது. நீ சொல்லு."

முனிகிருஷ்ணன் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர், எட்டு மாதம் பேசவில்லை. கேன்டீனில் அவர் தட்டில் ஈ மொய்த்தது. எங்களில் ஒருவர், "என்ன முனி, மௌன விரதமா?" என்று கேட்டதற்கு எழுந்து போய்விட்டார். துண்டு போட்டால் ஃபாத்திமாவுக்கு ஊசி உண்டு, சுவரில் தொங்குவது பொய். போடாவிட்டால் படம் நிஜம், ஃபாத்திமாவுக்கு ஊசி இல்லை. அந்த ஊசி இப்போது ஃபாத்திமாவுக்கு ஏதாவது செய்கிறதா? அதுவாவது தெரிந்தால் முடிவு எடுத்துவிடலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பத்து வருஷம் நடக்க வைத்தார்கள். அதைத்தான் அவர் துண்டு போட்டு மூடிவிட்டார்.

இரண்டாயிரத்து ஏழு மார்ச்சில் ஓசூரிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வயசு, நோய் என்று தெரிந்து பத்து நாள். உள்ளே கூப்பிடும் வரை வராந்தாவில் நின்றவர், படத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி படித்துவிட்டு, பக்கத்தில் நின்ற முனிகிருஷ்ணனைக் கேட்டார்.

"சார், இதுல போட்டிருக்கிற மாதிரி எம்பொண்ணு பத்து வருஷம் கழிச்சும் நடப்பாளா? நடப்பாள்னா ஊர்ல இருக்கிற நிலத்தை வித்து இந்த ஊசிய வாங்கிடலாம்னு இருக்கேன்."

அவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். படத்தைக் கழற்றினார். மகளும் வாத்தியாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவர்ப் பக்கமாகத் திருப்பிச் சாய்த்து வைத்துவிட்டு நேராக டாக்டர் அறைக்குள் போய், "துண்டில்லாமலே எடுத்துடலாம் சார்" என்றார்.

ஃபாத்திமாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. போய்ச் சொன்னார்.

"இந்த வருஷம் ஆட்டோ இல்லம்மா. துண்டு, மோர் ஒண்ணும் இல்ல. சாதாரணமா மத்தியானத்துல எப்படி இருப்பியோ அப்படியே வரணும்."

"ஏன்?"

"இத்தனை வருஷம் நான் பண்ணினது தப்பு."

ஃபாத்திமா கொஞ்ச நேரம் தையல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். "உங்க தப்புக்கு என் ஊசியா அண்ணே?" என்றார்.

மூன்று பாஷையில் பேசித் தீர்த்த முனிகிருஷ்ணன், தரையில் உருண்டிருந்த நூல்கண்டை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். 

"வராம இருந்துடட்டுமா?" என்று ஃபாத்திமாவே கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "நக்கோ, வேணாம். வரலேன்னா ஊர் பூரா தபால் கார்டு போடுவீங்க. வரேன்."

வந்தார். ஏப்ரல் பதினாறு, பதினொன்றரை மணி, பஸ்ஸில். புடவை முதுகில் ஒட்டியிருந்தது. பெஞ்சைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அவர் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஃபாத்திமா கோட்டில் நின்று நடக்க ஆரம்பித்தார். நாற்பத்திரண்டு மீட்டர். எதிர்க்கோடு எட்டு மீட்டர் தூரத்தில் இருந்தது. முழங்கால் மடங்கியபோது, விரித்தே வைத்திருந்த அந்தக் கையில்தான் விழுந்தார். பத்து வருஷத்தில் முதல் முறையாக அந்தக் கைக்கு வேலை வந்தது.

ஜூலையில் மறுபடி. முப்பத்தொன்று.

ஊசி நின்றது. ஃபாத்திமாவுக்கு மட்டுமல்ல, அவரோடு சேர்த்து நான்கு பேருக்கு. மூன்று பேர் முனிகிருஷ்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். திட்டிய மூவரோடும் அவருக்கு இன்றைக்கும் நல்ல சிநேகம். ஃபாத்திமா திட்டவில்லை. புதுக் கணக்கு பத்திரிகைக்குப் போயிற்று, பழைய கட்டுரையின் அடியில் ஆறு வரித் திருத்தமாக வந்தது. அந்த ஆறு வரியை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. எங்களில் இருவர் படித்தோம். ஒருவருக்குப் புரிந்தது. ஓசூர் வாத்தியார் நிலத்தை விற்றுவிட்டார் என்று பின்னால் தெரிந்தது. படம் இல்லாவிட்டாலும் விற்றிருப்பார். வேறு என்ன செய்வார்?

நவம்பரில் ஃபாத்திமாவை நோய் மறுபடி தாக்கியது. ஒரு கண். இந்தத் தடவை தெளியவில்லை.

சென்ற மாதம், ஏப்ரல், அவர் பணியில் கடைசி ஏப்ரல். மருந்து நின்றவர்களையும் விடாமல் பார்க்க வேண்டும் என்பது ஆராய்ச்சி விதி. படிவத்தோடு சிவாஜிநகருக்குப் போனார். வாசலில் திரை தொங்கியது. செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அங்கேயே நில்லுங்க அண்ணே. உள்ளே வந்தா சுவரைப் பார்ப்பீங்க. நோட்டுல எழுதுவீங்க."

நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கண்ணு போச்சே, ஊசி நின்னதாலயா? இல்ல, போட்டிருந்தாலும் போயிருக்குமா?"

"தெரியலம்மா."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியல."

"பன்னிரண்டு வருஷம் நடந்தோமே, யாருக்காச்சும் தெரியுமா?"

அவர் திரைக்கு வெளியே வெயிலில் எவ்வளவு நேரம் நின்றார் என்று பேக்கரிக்காரர்தான் எங்களிடம் சொன்னார். ஒரு மணி நேரம் என்றார். அந்தப் பேக்கரிக்காரர் எதையும் கூட்டித்தான் சொல்வார். இதை மட்டும் குறைத்துச் சொன்னதாகத் தோன்றியது. படிவத்தில் மூன்று கட்டம் உண்டு: வந்தார், இறந்தார், இருக்குமிடம் தெரியவில்லை. மூன்றிலும் அவர் கை வைக்கவில்லை. "இருக்குமிடம் தெரியவில்லைன்னு போட்டுட்டா வேலை முடிஞ்சுது முனி" என்று ஆபீசில் சொன்னோம். "அவங்க வீட்டு வாசப்படிக்கு எத்தனை விரிசல்னு எனக்குத் தெரியும்" என்றார். அந்தப் படிவம் வெறுமையாகவே இன்று காலை ஒப்படைக்கப்பட்டது. முப்பத்தேழு ஆண்டில் அவர் பூர்த்தி செய்யாமல் கொடுத்த காகிதம் அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் மடல்கள் எல்லாம் பல்லாண்டு வாழ்க, நூறாண்டு வாழ்க என்று முழங்கும். அந்த வாழ்த்து எத்தனை வருஷம் என்று மட்டும்தான் கேட்கிறது, எப்படி என்று கேட்பதில்லை. முப்பத்தெட்டுப் பேருக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷம் நடந்த மனிதரிடம் அதை வாசிக்க எங்களுக்கு நா எழவில்லை. அவர் சாகும் வரை தன் காலாலேயே நடக்கட்டும், தன் கண்ணாலேயே பார்க்கட்டும், எந்தச் சுவரையும் பிடிக்காமல் இருக்கட்டும். இதை எழுதிக் கொடுத்தவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகக் காலையில் எட்டு மணி வரை தூங்குகிறார், மத்தியானம் மறுபடி தூங்குகிறார், இந்தப் பேரின்பத்துக்கு ஈடு இணை இல்லை என்று சத்தியம் செய்கிறார். அதிலே பாதித் தூக்கமாவது முனிகிருஷ்ணனுக்கு வாய்க்கட்டும்.

நேற்று மாலை பிரிவில் எல்லோரும் சேர்ந்து கேட்டோம். "திங்கட்கிழமை என்ன பண்ணப் போறீங்க?"

மேஜை டிராயரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சிவாஜிநகர் போவேன்."

"எதுக்கு? படிவம்தான் குடுத்தாச்சே."

"நோட்டையும் டாக்டர்கிட்ட குடுத்துட்டேன். வெறுங்கையோட போறேன்."

"ஃபாத்திமா உள்ளே கூப்பிடுவாங்களா?"

டிராயரை மூடினார். "கூப்பிடலேன்னா வாசல்ல நிக்கறேன்" என்றார். "எனக்கு இனிமே ஆபீசுக்கு நேரமாயிடுச்சுன்னு கிளம்ப முடியாதே."

எம்மோடு இருந்தமைக்கு நன்றி, முனிகிருஷ்ணனாரே. இனி நீங்கள் எழுந்து போகலாம், டீ வந்துவிட்டது.

இங்ஙனம்,
நரம்பியல் துறை, தொடர்கண்காணிப்புப் பிரிவு ஊழியர்கள் அனைவரும்

எழுதியது: பதிவேட்டு அறையிலிருந்து முன்னரே விடுதலை பெற்ற சந்தானம்

பெங்களூர், 31 மே 2008